பாளைக்கட்டும் பறவைக் காவலரும்

நான் அஞ்சாம் வகுப்போடு படிப்பை விட்டவள். ஆனால் இரண்டாம் வகுப்பிலேயே எழுத்துக்கூட்டி வாசிக்கப் பழகிவிட்டேன். அதுதான் வினையாய்ப் போயிற்று.

மண்டைதீவுப் பக்கம் கடலை ஒட்டி ஒரு பழைய தென்னந்தோட்டம் கிடந்தது. முதலாளிமார் கைவிட்டுப் போனபின் அரசாங்கம் அதைப் பறவைகளுக்கென்று ஒதுக்கி, காவலுக்கு ஒரு உத்தியோகத்தரையும் போட்டிருந்தது. நான் இரண்டாம் வகுப்பில் இருக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா, அம்மா, எங்களோடு இருந்த அம்மாவின் தங்கச்சியான சின்னம்மா, நான் எல்லாரும் வேலணையில் பஸ் ஏறி அதைப் பார்க்கப் போனோம். எங்கள் வீட்டில் அதுவரை ஒருவரும் காகத்தைக்கூட நின்று பார்த்ததில்லை. சின்னம்மா பட்டுச்சேலை கட்டியிருந்தா.

"குருவிக்குக் காவல் இருக்கிறதுக்கும் சம்பளமோ?" என்று அம்மா கேட்டா.

"அரசாங்கச் சம்பளம். பென்சனும் இருக்கு," என்றார் அப்பா, சாமி பெயரைச் சொல்வதுபோல.

வாசலில் ஒரு பலகை. இங்குள்ள எதையும் எடுப்பது தண்டனைக்குரிய குற்றம் என்று எழுதியிருந்தது. தண்டனை என்றால் என்ன என்று அப்பாவைக் கேட்டேன். "மறியல், சிறையிலை போடுவினம்," என்று சொல்லிவிட்டு வேட்டியைச் சரிசெய்தார். மறியல் வீட்டில் சோற்றுக்குள் மண் போடுவார்கள் என்று பள்ளிக்கூடத்தில் கேள்விப்பட்டிருந்தேன்.

கடலோரம் பூநாரைகள் கூட்டமாய் நின்றன. அப்பாவும் அம்மாவும் காவல் கொட்டிலையே பார்த்துக்கொண்டு நடந்தார்கள். சின்னம்மா நிலத்தைப் பார்த்தா. தோட்டம் முழுக்கக் காய்ந்த தென்னம்பாளைகள், பொறுக்க ஆளில்லாமல். விறகுக்குத் தவிக்கும் தீவில் பிறந்தவளுக்கு அதைத் தாண்டிப் போக ஏலுமோ? சேலையைத் தூக்கிச் செருகினா. நான் நிமிர்ந்து பார்ப்பதற்குள் ஒரு கட்டுச் சேர்ந்து, ஓலையால் முடிச்சும் விழுந்துவிட்டது.

அந்நேரம் பார்த்து உத்தியோகத்தர் வந்தார். நான் ஓடிப்போய்க் கட்டை மறைத்துச் சட்டையை விரித்துக்கொண்டு நின்றேன்.

"பின்னாலை என்ன பிள்ளை?"

"நான்தான் எடுத்தனான். சின்னம்மாவைக் கொண்டுபோகாதேங்கோ," என்று அழத் தொடங்கினேன்.

அவர் சின்னம்மாவைப் பார்த்தார். "நீர் எடுத்தனீரோ?"

"ஓம். சும்மா கிடந்து உக்கிறதைத்தானே எடுத்தனான்."

"உக்கினால்தான் பூச்சி வரும். பூச்சிக்குத்தான் குருவி வரும்."

"அப்ப எங்கடை அடுப்புக்கு ஆர் வாறது?"

அம்மா சின்னம்மாவின் கையில் கிள்ளினா. உத்தியோகத்தர் கடலைப் பார்த்துத் திரும்பி நின்றார். அவருடைய தோள் மட்டும் குலுங்கியது. கோபத்தில் நடுங்குகிறார் என்று நினைத்தேன். சின்னம்மா ஒவ்வொரு பாளையாய்க் கொண்டுபோய் எடுத்த இடத்திலேயே வைத்தா.

திரும்பி வரும்போது பஸ்ஸுக்குள்ளே, "எல்லாம் முடிஞ்சுது. பட்டுச்சேலை உடுத்திக் கூட்டிக்கொண்டு போனதும் வீண்," என்றா அம்மா. அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை அந்த உத்தியோகத்தர் தாய் தகப்பனோடு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். சின்னம்மா கொழும்புக்குப் போய்விட்டா என்று நான் சொல்லி வாய் மூடவில்லை, அவ தேத்தண்ணித் தட்டோடு வெளியே வந்தா. பெரியவர்கள் நெடுநேரம் தணிந்த குரலில் பேசினார்கள். கடைசியில், வாற மாதம் அவவை அவருக்கே கலியாணம் செய்து கொடுப்பதென்று முடிவாயிற்று.

மறியலுக்குப் போகாமல் தப்புவதற்கு இதுதான் வழியாக்கும் என்று விளங்கிக்கொண்டேன். என்றாலும் ஒரு கட்டுப் பாளைக்கு வாழ்நாள் முழுக்கவோ? குசினிக்குள் போய், அடுப்படியில் நின்ற சின்னம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவ ஏன் அப்படிச் சிரித்தா என்றுதான் எனக்கு விளங்கவில்லை.