காப்பிப் பழம் நிறுக்கும் தராசு

எஸ்டேட் ஸ்டோர் வாசலில், உத்தரத்தில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள் அந்தத் தராசை. வட்ட முகம், சிவப்பு முள், கீழே ஒரு கொக்கி. அறுவடை மாதங்களில் பொழுது சாயும்போது காப்பிப் பழம் பறித்தவர்கள் மூட்டையோடு வரிசையில் நிற்பார்கள். எஸ்டேட் கணக்கெழுதும் ரைட்டர் ஒவ்வொரு மூட்டையாகக் கொக்கியில் மாட்டி, எடையை ஊருக்கே கேட்கும்படி சொல்லுவார். எல்லா மூட்டையும் முடிந்த பிறகு, கடைசியாக அதே கொக்கியில் ஒரு சாக்கைத் தூளி மாதிரி மாட்டுவார்கள். அதில் என் தங்கச்சி ஏறி உட்காருவாள். அவளுக்கு ஏழு வயது. அந்த யோசனையைச் சொன்னவள் நான். எனக்குப் பத்து வயது.

கொட்டச்சேடு என்ற மலையூருக்குப் பக்கத்தில், எஸ்டேட் ஆட்களுக்கென்று வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் ஒன்று எங்களுடையது. அப்பாவும் அம்மாவும் எஸ்டேட் வேலைக்குப் போனார்கள். தங்கச்சி ஏழு வயதிலேயே என்னைவிட உயரம், என்னைப் போல இரண்டு மடங்கு பருமன். களியைத் தின்று தட்டை வழித்து முடித்த கையோடு, "பசிக்குதுக்கா" என்பாள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, கண்ணில் நீர் நிற்கும். பக்கத்து வீட்டுச் சோற்றுச்சட்டி காலியாகும். நாய்க்கு வைத்த கஞ்சி காணாமல் போகும். சுட்டுக்கொண்டிருக்கும் பலாக்கொட்டையை நெருப்புக்குள் கைவிட்டு எடுப்பாள், விரல் கொப்பளித்திருக்கும். "இது வவுறா, பாழுங்கெணறா?" என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். லைனில் மானம் கப்பலேறிப் போச்சு என்று அப்பா விறகுக் கட்டையை எடுப்பார். எத்தனை அடித்தாலும் அவள் திருப்பி ஒரு சொல் பேசியதில்லை. அடி முடிந்ததும் அடுப்படியைத்தான் பார்ப்பாள்.

அடித்தும் பலனில்லை என்றபோதுதான் நான் வாயைத் திறந்தேன். காலையில் நிறுப்போம், சாயங்காலம் நிறுப்போம், எடை கூடியிருந்தால் திருடித் தின்றிருக்கிறாள், அன்றைக்கு ராச்சோறு கிடையாது. அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "என்ற பெரிய பொண்ணுக்கு இருக்கற மூளையப் பாருங்க" என்று ரைட்டரிடமே சொன்னார். ரைட்டருக்கும் வேடிக்கை பிடித்திருந்தது. பறிப்புக் கூட்டம் மொத்தமும் வீட்டுக்குப் போகாமல் நின்று பார்த்தது. "ஏனுங், இந்த மூட்டையில நொம்பத் தண்ணி ஏறுன பழமுங்களா?" என்று ஒருத்தி கேட்க, எல்லோரும் சிரிப்பார்கள். முள் தினமும் முக்கால் கிலோ, ஒரு கிலோ கூடுதலாகக் காட்டியது. தராசு பொய் பேசுமா?

இன்று பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு உயிரியல் நடத்துகிறேன். காலையில் வெறும் வயிற்றோடு நிறுத்தால் குறையும், மதியம் தின்று தண்ணீர் குடித்த பிறகு நிறுத்தால் யாருக்கும் கூடும். அப்பா ஏறியிருந்தாலும் கூடியிருக்கும், நான் ஏறியிருந்தாலும் கூடியிருக்கும். எங்களை யார் ஏற்றினார்கள்?

ஆனால் அன்றைக்கு எனக்கு எதுவும் தெரியாது என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். பசி தாளாமல் அவள் ஓடையில் குப்புறப் படுத்து வயிறு முட்டத் தண்ணீர் குடித்துவிட்டு, நேராகத் தராசுக்கு வருவாள். காட்டாமணக்குப் புதருக்குப் பின்னால் நின்று ஒன்றல்ல, பத்துத் தடவை பார்த்திருக்கிறேன். நான் சொல்லவில்லை. ஏனென்றால் அவளுக்குக் கிடையாது என்றான சோற்றில் பாதி என் தட்டுக்கு வந்தது. எனக்கும் பசித்தது. ஒரு கவளம் அதிகமாகக் கிடைக்கிறதே என்ற சந்தோஷத்தில், சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தவளின் முதுகைப் பார்த்துக்கொண்டே தின்றேன்.

ஒருநாள் சாயங்காலம் சாக்கு கிழிந்தது. சிமென்ட் தரையில், கொட்டிக் கிடந்த பழக் குவியலின் ஓரத்தில் விழுந்தாள். முன்பல் பாதி உடைந்து உதட்டில் ரத்தம். எழுந்திருக்கவில்லை. கைக்கு எட்டிய காப்பிப் பழங்களை அள்ளி வாயில் போட்டு, அந்தத் தோலில் இருக்கும் துளித் தித்திப்புக்காக ரத்தத்தோடு சேர்த்துச் சப்பினாள். ஐயோ, அன்றைக்குச் சிரித்த சிரிப்பு! அம்மாகூட முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தேன். அவள் என்னை மட்டும்தான் பார்த்தாள்.

நான் படித்தேன், டீச்சரானேன், அத்தை மகனைக் கட்டினேன். அவளைப் பதினெட்டிலேயே மாரமங்கலத்தில் ஒரு விவசாயிக்குக் கட்டிவைத்தார்கள். எந்தக் கல்யாணத்திலும் அவள் பந்தியில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. "பெருத்த ஒடம்பு, ஆனா சாப்பாடு கொஞ்சந்தான்" என்று சொந்தக்காரர்கள் மெச்சுவார்கள். பிறகு எனக்கு ஒரு மகள் பிறந்தாள். நடக்கத் தொடங்கிய நாளிலிருந்து அவளுக்கும் அதே பசி, அதே கண், தட்டு வழித்த கையோடு அதே அழுகை. நான் என்ன செய்தேன் தெரியுமா? மின்னணு எடைமேடை ஒன்று வாங்கிவந்தேன். காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை. கூடியிருந்தால் ராத்திரி அரைத் தோசை. படித்த டீச்சரம்மாவின் புத்தி இது!

மகளின் ஆறாம் வயதில் சேலத்தில் ஒரு டாக்டரம்மா ரத்தத்தை மரபணுச் சோதனைக்கு அனுப்பினார். "இது அடங்காத்தனம் இல்லீங்க டீச்சர்" என்று காகிதத்தைத் திருப்பிக் காட்டினார். உடம்பில் சேதி வாங்கும் மெலனோகார்ட்டின் ஏற்பிகள் ஐந்து வகை. ஒன்று தோலுக்கும் முடிக்கும் நிறம் தருகிறது. ஒன்று சிறுநீரகத்தின் மேலிருக்கும் அட்ரீனல் சுரப்பியை வேலை வாங்குகிறது. நான்காவது மூளையில் உட்கார்ந்துகொண்டு, தின்றது போதும் என்ற சேதியை வாங்கிச் சொல்கிறது. என் மகளுக்கு அந்த நான்காவது வேலை செய்யவில்லை. அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று என வந்த இரண்டு பிரதிகளும் பழுது. வயிறு நிறைந்த சேதி மூளைக்குப் போய்ச் சேருவதே இல்லை, அவள் பட்டினி கிடப்பதாகவே மூளை நினைக்கிறது. சொந்தத்துக்குள் கட்டிக்கொள்கிற வீடுகளில் இரண்டும் பழுதாக வர வாய்ப்பு அதிகம் என்றார். என் அம்மா கட்டியதும் சொந்தத் தாய்மாமனைத்தான். கூடவே சோதித்த என் ரத்தத்தில் ஒன்று நல்லது, ஒன்று பழுது. அதாவது பாதிப் பசி. அந்தப் பாதியை அடக்கியதைத்தான் இத்தனை வருஷமாக என் ஒழுக்கம் என்று மார்தட்டிக்கொண்டிருந்தேன்.

"உங்க பக்கம் யாராச்சும் இப்படி இருந்தாங்களா?" என்று கேட்டார். இல்லீங்க என்றேன். வாசல்வரை போய்விட்டுத் திரும்பி வந்து, "ஒருத்தி இருக்காங்க" என்றேன். அவள் ரத்தமும் வேண்டும் என்றார்.

மாரமங்கலம் பஸ்ஸில் வழியெல்லாம் எப்படி ஆரம்பிப்பது என்றே தவித்தேன். தங்கச்சி களத்தில் மிளகு காயப்போட்டுக்கொண்டிருந்தாள். "வா அக்கா, ஊட்டுக்குள்ள வா" என்றாள். நான் வெயிலிலேயே நின்று எல்லாவற்றையும் சொன்னேன், மூளையை, ஏற்பியை, என் மகளை. கையால் மிளகைக் கிளறிக்கொண்டே கேட்டாள்.

"அப்ப உன்ற புள்ளைக்கு வந்தா நோவு. எனக்கு வந்தப்ப திருட்டு. அப்படித்தானுங்க அக்கா?"

அவள் என்னிடம் அதுவரை 'ங்க' போட்டுப் பேசியதில்லை. ஓடையில் அவள் தண்ணீர் குடித்ததைப் பார்த்தேன் என்பதையும் சொல்லிவிட்டேன். கை நின்றது.

"பாத்தியா? ஒருத்தரும் பாக்கலன்னு நெனச்சுட்டு இருந்தேன். ஆராச்சும் பாத்திருந்தா அப்பாகிட்டச் சொல்லியிருப்பாங்கன்னு நெனச்சேன்" என்றாள். மிளகை மறுபடி கிளறத் தொடங்கியவள், "புள்ளைக்காக வாரேன். உனக்காக இல்ல" என்றாள்.

மறுவாரம் ஆஸ்பத்திரி நடையில் நல்ல கூட்டம். ரத்தம் எடுக்குமுன் எடை பார்க்கச் சொன்னாள் நர்ஸ். தங்கச்சி எடைமேடையைப் பார்த்தாள். ஒரு கையில் என் மகளின் கை. உடைந்த பல் தெரிய என்னிடம், "நீ மொதல்ல ஏறுக்கா" என்றாள். உங்களுக்கு எதுக்குங்க என்று நர்ஸ் சொல்லவந்தாள். நான் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினேன்.

"எழுபத்தி மூணு!" தங்கச்சிதான் கூவினாள். ரைட்டரின் அதே குரல், அதே இழுப்பு. நடை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. யாரும் சிரிக்கவில்லை.

என் மகள் குனிந்து எண்ணைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள். "சித்தி, அம்மாவுக்கு இன்னைக்கு ராத்திரி சோறு உண்டுங்களா?"

தங்கச்சி என் முகத்தைப் பார்த்தாள். "புள்ள கேக்குதல்ல, சொல்லுக்கா" என்றாள். நான் அந்தத் தராசின் மேலேயே நின்றுகொண்டிருந்தேன்.