நாற்காலி உயரத்தில் ஒரு கார்

கார் வாங்குவது சந்தோஷமான காரியம் என்று நினைப்பவர்கள் அதை ஒருமுறை முதுகுவலியோடு வாங்கிப் பார்க்க வேண்டும். இரண்டாயிரமாவது ஆண்டு பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. பெங்களூரில் தெருவுக்குத் தெரு கார் ஷோரூம்கள் முளைத்துக்கொண்டிருந்த சமயம். நாங்களும் ஒன்று விடாமல் ஏறி இறங்கினோம். ஏறி இறங்கினோம் என்று சொல்வதுகூடச் சரியில்லை. ஏற்றி இறக்கியது நான், ஏறி இறங்கியது என் கணவர்.

அதற்கு முந்தைய வருடம் அவர் குளியலறையில் விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கைத்தடி ஊன்றி, எங்கள் அல்சூர் சந்தின் முனைவரை நடக்குமளவுக்குத் தேறிவிட்டார். ஆனால் தாழ்வாக உட்கார்ந்தால் அவரால் எழுந்திருக்க முடியாது. உயரமான இடத்துக்குக் காலைத் தூக்கவும் முடியாது. எங்களிடம் இருந்த சின்னக் காரோ தரையோடு தரையாக ஒட்டிக் கிடந்தது. ஒவ்வொரு முறையும் அவருடைய அக்குளுக்குள் கைகொடுத்து, என் முழங்காலை அவர் முழங்காலுக்கு முட்டுக்கொடுத்து, "ஏசுவே" என்று சொல்லி நான் தூக்க வேண்டும். அவரும் ஒன்றும் ஒல்லிக்குச்சி இல்லை.

கோயிலுக்குப் போவதை அதனால்தான் விட்டார். ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசைக்குப் போய் இறங்கினால், ஆளுக்கொரு பக்கம் ஓடிவந்து பிடித்துத் தூக்குவார்கள். அன்பாகத்தான் தூக்குவார்கள். அவருக்கு அது பிடிக்கவில்லை. "நான் என்ன தேர்ல வெக்கற சுரூபமா, எல்லாரும் சேந்து தூக்கறதுக்கு?" என்றார். அதன் பிறகு பங்குச் சாமியார் வீட்டுக்கு வந்துதான் பூசையின் நன்மை அப்பத்தைக் கொடுத்தார்.

என் சங்கதி வேறு. தூக்கித் தூக்கி என் முதுகு போயிருந்தது. "தண்ணிக் குடம்கூட தூக்கக்கூடாது டீச்சரம்மா" என்று எலும்பு டாக்டர் சொன்னபோது, கணவர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மாத்திரையை விட்டமின் என்று சொல்லிச் சாப்பிட்டேன். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். எனக்கு வந்தது எனக்கு மட்டுமே தெரிந்தால் போதும் என்று இருந்துவிட்டேன். ஆகவே எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. யாரும் தொடாமல் அவர் தானாக ஏறி, தானாக இறங்குகிற ஒரு வண்டி.

வெளிநாட்டில் இருக்கும் மகன் போனில் வழி சொன்னான். "அம்மா, கிராஸ்ஓவர்னு ஒண்ணு வந்திருக்கு. காரும் இல்ல, ஜீப்பும் இல்ல. ரெண்டுக்கும் நடுவுல. சின்னதா, ஆனா லக்ஸரியா இருக்கும். பணம் நான் அனுப்பறேன். நல்லதா வாங்குங்க." காரும் இல்லை ஜீப்பும் இல்லை என்றால் பிறகு அது என்ன எருமையா என்று கேட்டேன். ஆனால் நேரில் பார்த்தபோது விஷயம் புரிந்தது. அந்த ரக வண்டிகளின் சீட் ஏறக்குறைய ஒரு நாற்காலி உயரத்தில் இருந்தது. பணக்காரர்கள் எதற்காக வாங்குகிறார்களோ தெரியாது, எங்களுக்கு அந்த உயரம்தான் லக்ஸரி.

கணவர் தொழிற்சாலையில் டூல் ரூமில் வேலை பார்த்தவர். அளக்காமல் எதையும் நம்பமாட்டார். வீட்டில் அவர் சுலபமாக உட்கார்ந்து எழுகிற மர நாற்காலியின் உயரத்தை அளந்து, கைத்தடியில் அதே உயரத்தில் சிவப்பு இன்சுலேஷன் டேப்பைச் சுற்றினார். ஷோரூமுக்குள் நுழைந்ததும் கதவைத் திறக்கச் சொல்லி, தடியை சீட்டோடு சேர்த்து நிறுத்திப் பார்ப்பார். சிவப்புக்கு மேலே போனாலும் வேண்டாம், கீழே போனாலும் வேண்டாம். டை கட்டிய பையன்கள் பாவம், "சன்ரூஃப் நோடி சார், லெதர் சீட் நோடி சார்" என்று கன்னடத்தில் கூரை ஓட்டையையும் தோல் சீட்டையும் பார்க்கச் சொல்லி அழைத்துக்கொண்டிருப்பார்கள். இவர் குனிந்து டேப்பைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒவ்வொரு கடையிலும் ஒரு காபி, ஒரு விளம்பரப் புத்தகம், திரும்பும்போது பழைய காரில் ஒரு தூக்கு. இரவில் படுத்தால் எனக்குப் புரண்டு படுக்க முடியாது.

பழைய வண்டியே பார்க்கலாம் என்று நான் சொன்னேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. எங்கள் வீட்டில் எல்லாமே இன்னொருவர் வீட்டிலிருந்து வந்தவை. ஸ்கூட்டர், ஃபிரிட்ஜ், அந்தச் சின்னக் கார், எல்லாமே செகண்ட் ஹேண்ட். நாங்கள் படுக்கும் தேக்குக் கட்டில்கூட கண்டோன்மென்ட் பக்கத்து ஏலக்கடையில் எடுத்தது. "ஒரே ஒரு தடவை, டீச்சர்," என்றார். வம்புக்கு இழுக்கும்போதும் கெஞ்சும்போதும் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். "சாகறதுக்கு முன்னாடி பிளாஸ்டிக் கவர் பிரிக்காத சீட்டுல உக்காரணும்." அதற்கு மேல் நான் என்ன சொல்ல?

கடைசியில் ஒரு வண்டி கிடைத்தது. வெள்ளை நிறம், உள்ளே சந்தன நிறத் தோல் சீட்டு. தடியை வைத்துப் பார்த்தார். சிவப்பு டேப்பும் சீட்டின் விளிம்பும் அச்சாகப் பொருந்தின. முதுகைத் திருப்பி உட்கார்ந்தார், ஒரு காலை உள்ளே எடுத்தார், பிறகு மற்றதை. திரும்ப இறங்கினார். யாரும் தொடவில்லை. மறுபடி ஏறினார், மறுபடி இறங்கினார். ஷோரூம் முழுவதும் வேடிக்கை பார்த்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது, மூக்குக்கண்ணாடியைத் துடைப்பதுபோல் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அன்றைக்கே புக் செய்துவிட்டோம்.

டெலிவரிக்கு முன்னால் வண்டியை ஒருமுறை வீட்டு வாசலுக்குக் கொண்டுவாருங்கள் என்று நச்சரித்தது நான்தான். எதையும் சந்தேகப்பட்டு அல்ல. சந்துக்குள் நுழையுமா என்ற பயம் மட்டும்தான். ஒரு சனிக்கிழமை காலை வந்தார்கள். கணவர் இஸ்திரி போட்ட சட்டையில் வாசலில் தயாராக நின்றார். வண்டி சந்துக்குள் நுழைந்து, எதிர்வீட்டுச் சுவரை ஒட்டினாற்போல் எங்கள் வாசலில் நின்றது. அக்கம்பக்கம் முழுவதும் படியில் வந்து நின்றுகொண்டது.

எங்கள் சந்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். தேர்தலுக்குத் தேர்தல் அங்கே ஒரு அடுக்குத் தார் போடுவார்கள். பழைய தாரைச் சுரண்டமாட்டார்கள், அதன் மேலேயே போடுவார்கள். ரோடு வளர்ந்துகொண்டே போக, வீடுகள் பள்ளத்துக்குப் போய்விட்டன. வாசலுக்கும் ரோட்டுக்கும் நடுவே சாக்கடை மூடிய கற்பலகை மட்டும் பழைய மட்டத்தில் கிடக்கும். கார் நிற்பது தார் மேல். கதவைத் திறந்தால் மனிதன் நிற்பது கற்பலகை மேல். அந்தப் பக்கக் கதவைத் திறக்கலாம் என்றால் சுவர் இடிக்கும். இத்தனை வருடம் அந்தப் பள்ளத்தில் இறங்கி ஏறியவர்கள் நாங்கள். தடியில் டேப் சுற்றி ஊரெல்லாம் அளந்தோம், எங்கள் வாசலை அளக்கத் தோன்றவில்லை.

அவர் தடியை ஊன்றி சீட்டோடு வைத்தார். சிவப்பு டேப் சீட்டுக்கு வெகு கீழே நின்றது. அவர் அதைப் பார்த்தார், நானும் பார்த்தேன். அவர் அத்தோடு விட்டிருக்கலாம். ஊர் பார்க்கிறதே, விடுவாரா? எம்பி உட்காரப் பார்த்தார். பாதி சீட்டில், பாதி காற்றில். ஏறவும் முடியவில்லை, இறங்கவும் முடியவில்லை. எதிர்வீட்டு டெய்லரும் டை கட்டிய பையனும் ஓடிவந்து இடுப்பைப் பிடித்து இறக்கினார்கள். சட்டை வெளியே வந்து, முகமெல்லாம் சிவந்து போயிருந்தது.

"ஏறறதுக்கு ஒரு ஸ்டெப் வெச்சுத் தர முடியாதா?" என்று அந்தப் பையனிடம் கேட்டேன்.

"அது போட்டா லுக் போய்டும் மேடம். வாரண்டியும் பிராப்ளம்."

யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்கு யோசிக்கிற கதைதான். இவர் அதற்குள் மூச்சு வாங்கிக்கொண்டே, "பரவால்ல, இந்த ஒரு எடத்துல மட்டும் நீ லேசா கை கொடு. மத்த எடத்துல நானே ஏறிக்கறேன்" என்றார்.

லேசா. அந்த ஒரு வார்த்தை என்னை என்னவோ செய்துவிட்டது. "என்னால முடியாதுங்க!" என்று கத்தினேன். "இனிமே என்னால உங்கள தூக்க முடியாது. என் முதுகு போயிடுச்சு. டாக்டர் கொடத்தக்கூட தூக்காதேன்னு சொல்லி மாசக்கணக்கா ஆச்சு. நான் முழுங்கறது விட்டமின் இல்ல."

சந்தே கேட்டது. டெய்லர் தன் மெஷினுக்குத் திரும்பிப் போனார். வண்டி பின்பக்கமாகவே ஊர்ந்து சந்தைவிட்டு வெளியே போனது. நாங்கள் இருவரும் அந்தக் கற்பலகை மேல் நின்றுகொண்டிருந்தோம். சொன்னதற்காக எனக்கு வருத்தம் இல்லை. எனக்குக் களைப்பாக இருந்தது, அவ்வளவுதான்.

அன்று மத்தியானம் அவர் சாப்பிட்ட தட்டைத் தானே எடுத்துக்கொண்டு போய்க் கழுவினார், எனக்கு அது இன்னும் எரிச்சலாக இருந்தது. மறுநாள் காலை, காபி குடித்துக்கொண்டிருந்தபோது, தானே போனை எடுத்து ஷோரூமுக்குப் பேசினார். "வேணாம்ப்பா, கேன்சல் பண்ணிடு" என்றார். பிறகு சிவாஜிநகரில் எங்கள் பழைய காரைப் பார்த்துக்கொள்ளும் மெக்கானிக் பாயைக் கூப்பிட்டு, அதே ரகத்தில் பழைய வண்டி ஏதாவது வந்தால் வாசலுக்கே கொண்டுவரச் சொன்னார். பிளாஸ்டிக் கவரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நான் எதிரே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த ஆசையைத் தூக்கிப் போட்டது அவருக்கு எவ்வளவு வலித்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.

பாய் ஒரு சாம்பல் நிற வண்டியோடு வந்தார். அதே கம்பெனி, சில வருடம் ஓடியது. பின்கதவில் ஒரு கீறல். ஆனால் இடது கதவுக்குக் கீழே நீளமாக ஒரு மிதிபடி வைத்திருந்தது. உள்ளே, முன்சீட்டுக்குப் பக்கத்தில், பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடி. வழுக்காமல் இருக்க அதில் துணிநாடா சுற்றியிருந்தது. நாடா ஒரே இடத்தில் தேய்ந்து வழவழவென்று ஆகியிருந்தது.

"ஒரே ஓனர் சாப், ஏக்தம் சுத்தமான வண்டி," என்றார் பாய். "அந்த வூட்டுப் பெரியவருக்குன்னு இந்த ஸ்டெப் போட்டாங்க. இப்ப அவரு இல்ல. மவுத் ஆயிட்டாரு. பாக்கப் பாக்க மனசு கஷ்டமா இருக்குதுன்னு விக்கறாங்க."

எனக்கு உடம்பு கூசியது. சாமியார் தீர்த்தம் தெளித்தால் எல்லாம் போய்விடும் என்று படித்திருக்கிறேன், பிள்ளைகளுக்குச் சொல்லியும் கொடுத்திருக்கிறேன். ஆனாலும் செத்தவர் உட்கார்ந்த சீட். கணவரை ஓரமாகக் கூப்பிட்டு, "வேணாங்க, வேற பாக்கலாம்" என்றேன்.

"நம்ம கட்டில்ல யாரு படுத்துச் செத்தாங்கன்னு உனக்குத் தெரியுமா டீச்சர்?" என்றார். "முப்பது வருஷமா குறட்ட விட்டுத் தூங்கறியே."

நல்ல காலை மிதிபடியில் வைத்தார். கைப்பிடியில் நாடா தேய்ந்திருந்த அதே இடத்தில் அவர் கை போய் உட்கார்ந்தது. ஒரு மூச்சு. அடுத்த கால் வந்தது. உடம்பைத் திருப்பி உட்கார்ந்துவிட்டார். நான் பழக்கதோஷத்தில் இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு கற்பலகை மேல் நின்றிருந்தேன்.

"கைய எறக்கு" என்றார்.

அந்த வாரமே பேச்சு முடிந்து வண்டி எங்களுடையதாயிற்று. அடுத்த ஞாயிறு தமிழ்ப் பூசைக்கு நான்தான் ஓட்டிக்கொண்டு போனேன். கோயில் வளாகத்தில் வேப்பமர நிழலில் நிறுத்தினேன். அவரைப் பார்த்துப் பழையபடி நாலு பேர் ஓடிவந்தார்கள். அவர்கள் வந்து சேர்வதற்குள் அவர் இறங்கி நின்றுவிட்டார். தடியை ஊன்றிக்கொண்டு, அவர்களுக்கு ஸ்தோத்திரம் சொல்லி, படிக்கட்டில்லாத பக்கவாசல் வழியாக உள்ளே போனார். "நீங்க போங்க, பூட்டிட்டு வரேன்" என்று நான் சொல்லியிருந்தேன். பாட்டு ஆரம்பிக்கட்டும், ஒரு நிமிஷம் என்று தலையைச் சாய்த்தேன். சீட் நன்றாக இருந்தது. மகன் சொன்ன லக்ஸரி அதுதான்போல.

கண்ணாடியில் டக் டக் என்று தடி தட்டியது. சிவப்பு டேப்தான் முதலில் தெரிந்தது. பதறி எழுந்தேன். ஜனங்கள் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். பூசை முடிந்திருந்தது. தோளில் சேலை ஈரமாக இருந்தது.

"சாமியார் வண்டிக்குத் தீர்த்தம் தெளிக்க வந்தாரு," என்றார். "கண்ணாடி பாதி எறங்கியிருந்துச்சு. உன் மேலயும் தெளிச்சுட்டுப் போனாரு. நீ அசையவே இல்ல."

"ஐயையோ, எழுப்பறதுக்கு என்ன?"

"அவரும் எழுப்பவான்னுதான் கேட்டாரு. வேணாம் ஃபாதர், ரொம்ப நாளா என்னைத் தூக்கிட்டிருந்தா, தூங்கட்டும்னு சொன்னேன்."

சொல்லிவிட்டு, வண்டியின் முன்னால் சுற்றிக்கொண்டு மெதுவாக அந்தப் பக்கக் கதவுக்கு நடந்தார். நான் இறங்கவில்லை. அவரே திறந்து, அவரே ஏறி, அவரே கதவைச் சாத்தும்வரை ஸ்டியரிங் மேல் கை வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.