பத்தாவது பிரிவின் கீழ் ஒரு பசுமாடு

வெளியில் சொல்லிக்கொள்ளும்படியான காரியம் இல்லை. ஆனால் தெருவுக்கே தெரிந்துவிட்ட பிறகு மறைத்து என்ன பயன்? நான் ஒரு பசுமாட்டைக் கைது செய்திருக்கிறேன். சட்டப்படி. 1871ஆம் வருடத்துச் சட்டப்படி.

என் தரப்பையும் கொஞ்சம் கேட்க வேண்டும். நாங்கள் குடியிருப்பது உழவர்கரைப் பக்கம், வயலாக இருந்து மனையாகி, மனையாக இருந்து 'நகர்' ஆகிவிட்ட ஓர் இடம். வயல்காரர்கள் நிலத்தை விற்றார்களே தவிர மாட்டை விற்கவில்லை. பத்திரப்பதிவு நடந்த விஷயத்தை மாடுகளுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. தாங்கள் மேய்ந்த இடத்திலேயே மேய வருகின்றன. இதைப் பற்றி நான் எழுதாத மனு இல்லை. ஓர் அலுவலகம் என் மனுவை இன்னொன்றுக்கு அனுப்பியதாகப் பதில் போட்டது. அந்த இன்னொன்று மூன்றாவதற்கு அனுப்பியது. மூன்றாவதிலிருந்து ஒருவர் அக்கறையாகப் போன் செய்து, "மாட்டுக்கு உடம்புக்கு இன்னா சார்?" என்று கேட்டார்.

இப்படி நொந்திருந்த காலத்தில்தான் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில், செருப்புக் குவியலுக்கும் பழைய சார்ஜர் குவியலுக்கும் நடுவில், அந்தப் பழைய சட்டத் தொகுப்பு கிடைத்தது. மற்றவர்கள் துப்பறியும் நாவல் படிப்பதுபோல அதைப் படித்தேன். அதில் கால்நடை அத்துமீறல் சட்டம் என்று ஒன்று. உங்கள் நிலத்தில் புகுந்து சேதம் செய்யும் மாட்டை நீங்களே பிடிக்கலாம், இருபத்துநாலு மணி நேரத்துக்குள் பவுண்டுக்கு, அதாவது மாட்டுப் பட்டிக்கு, அனுப்பிவிட வேண்டும் என்கிறது பத்தாவது பிரிவு. அபராதப் பட்டியலும் இருந்தது. யானைக்கு இரண்டு ரூபாய், ஒட்டகத்துக்கு எட்டணா, பசுவுக்கு நாலணா. யாரும் யாரையும் கேட்க வேண்டாம், யாருக்கும் மனு அனுப்ப வேண்டாம். வெள்ளைக்காரன்மேல் எனக்கு அன்று வந்த மரியாதையை நினைத்தால் இப்போது கூச்சமாக இருக்கிறது.

சம்பவம் நடந்த அன்று மின்சாரம் போய் மின்விசிறி நின்றதால், வழக்கத்துக்கு விரோதமாக எட்டு மணிக்கு முன்பே எழுந்துவிட்டேன். என் மனைவி பள்ளிக்கூட ஆசிரியை. பரீட்சை வேலை என்று அன்று சீக்கிரமே போயிருந்தாள். வாசலுக்கு வந்தால் கேட் திறந்து கிடக்கிறது. என் தண்டுக்கீரைப் பாத்தியில் ஒரு வெள்ளைப் பசு நிற்கிறது. அந்தக் கீரையைப் பற்றி நான் ஒரு பத்திரிகையில் கட்டுரையே எழுதியிருந்தேன். கட்டுரை கீரையை விட நன்றாக வந்திருந்தது என்பது வேறு விஷயம். பசு தலையைத் தூக்கி, அதன் வீட்டுக்குள் நான் வந்துவிட்டதைப்போல என்னைப் பார்த்தது.

துணி காயப்போடும் நைலான் கயிற்றை அவிழ்த்து அதன் கழுத்தில் கட்டி, மறுமுனையை வராந்தா கிரில்லில் முடிந்தேன். மாடு எதிர்ப்பே காட்டவில்லை. குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டது என்று எடுத்துக்கொண்டேன்.

உடனே வக்கீல் நண்பனுக்குப் போன் போட்டேன். பள்ளியில் என்னோடு படித்தவன். பழைய குடும்பத்துக் கட்சிக்காரர்கள் அவனை இன்னும் பிரெஞ்சு வழக்கப்படி 'மேத்ர்' என்றுதான் கூப்பிடுவார்கள். எங்கள் ஊரில் சில குடும்பங்களுக்குக் கல்யாணமும் சொத்தும் இன்றைக்கும் பிரெஞ்சுச் சட்டப்படிதான் நடக்கின்றன. அதனால் எந்தச் சட்டத்தை எடுத்தாலும் அது எந்தக் கப்பலில் வந்தது என்று முதலில் விசாரிப்பது எங்களுக்குப் பழக்கம்.

"அது இங்கிலீஷ்காரன் சட்டமாச்சேய்யா," என்றான். "அப்ப இங்க பிரெஞ்சுக்காரன் இல்ல இருந்தான்?"

"இந்தியாவோட சேந்தப்புறம் அவன் சட்டத்தையெல்லாம் இங்க கொண்டாந்தாங்களே?"

"மூட்டை மூட்டையா கொண்டாந்தாங்க. இதுவும் அந்த மூட்டையில வந்திருக்கும். பாத்துச் சொல்றேன்."

"பிரெஞ்சு சிவில் சட்டத்துல, மாடு தப்பி ஓடிப்போய் சேதம் பண்ணாலும் உடமைக்காரன்தான் பொறுப்புன்னு இருக்கில்ல?"

"இருக்கு. ஏன், உன் மாட்டுக்கு பிரெஞ்சு நேஷனாலிட்டி இருக்கா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டான்.

இரண்டு சாம்ராஜ்யங்களும் என் பக்கம் இருக்கிற தெம்பில் ஸ்கூட்டரை எடுத்தேன். முதலில் காவல் நிலையம். அங்கிருந்த ஏட்டு சிவப்புத் தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டுப் பொறுமையாகத்தான் கேட்டார்.

"மாடு காணாப்பூடிச்சா?"

"இல்ல சார், எங்கிட்டதான் இருக்கு."

"உங்க மாடா?"

"இல்ல. வேற யாருதோ. நான் புடிச்சிக் கட்டி வச்சிருக்கேன்."

அவர் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார். "அப்ப மாட்டுக்காரன் வந்து கம்ப்ளெய்ண்ட் குடுத்தா நான் உங்களத்தானே புடிக்கணும்?"

பத்தாவது பிரிவைப் படித்துக் காட்டினேன். பவுண்டு எங்கே என்று அவருக்கும் தெரியவில்லை. நகராட்சியில் கேட்கச் சொன்னார். நகராட்சி அலுவலகத்தில் மூன்று மேஜைகள் தள்ளி ஒருவர், "பவுண்டா? நான் வேலைக்கு வந்து இருவது வருசமாச்சி சார், நான் பாத்ததில்ல," என்றார். "ரொம்ப நாள் முன்ன இருந்துதாம். அந்த எடத்துல இப்போ சமுதாய நலக்கூடம் இருக்கு. கல்யாணத்துக்கு வேணா வாடகைக்குக் கெடைக்கும்."

"அப்ப புடிச்ச மாட்டை என்ன பண்றது?"

"ஏன் புடிச்சீங்க?"

இதற்கு எந்தச் சட்டத்திலும் பதில் இல்லை. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. கடற்கரைப் பக்கத்துப் பழைய வீடுகளுக்கு வருஷா வருஷம் மஞ்சள் அடித்து, வெள்ளை அடித்து, சுற்றுலாக்காரர்கள் முன்னால் நின்று படம் பிடித்துக்கொள்ள வைத்திருக்கிறோம். பழைய சட்டங்களுக்கு யாரும் சுண்ணாம்பு கூட அடிப்பதில்லை. ஆனால் இடிப்பதும் இல்லை. ஒட்டகத்துக்கு எட்டணா என்ற வரி பத்திரமாக இருக்கிறது. மாட்டை அடைக்கும் பட்டியை மட்டும் இடித்துவிட்டார்கள். மாட்டைப் பிடிக்க எனக்கு அதிகாரம் உண்டு, கொண்டுபோய் விட இடம் இல்லை.

வீடு திரும்பும்போது பன்னிரண்டைத் தாண்டியிருந்தது. தெருமுனையிலேயே சத்தம் கேட்டது. என் வராந்தாவிலிருந்து பசு அடிவயிற்றிலிருந்து கத்த, பின்தெருவிலிருந்து ஒரு கன்றுக்குட்டி மெல்லிய குரலில் பதில் கொடுத்துக்கொண்டிருந்தது. எதிர்வீட்டுக்காரர், ஓய்வுபெற்ற மின்வாரியத்துக்காரர், சாய்வு நாற்காலியை வாசலுக்கே கொண்டுவந்து போட்டிருந்தார்.

"பின்தெரு பால்காரம்மா மாடு சார் அது. ஒரு மாசக் கன்னு. பன்னண்டு மணி ஆனா இது தானாப் போய்க் குடுத்துட்டு வந்துடும்."

"அந்தம்மா எங்க?"

"மாமியார கூட்டிக்கினு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கு, கண்ணு காட்ட. சாயங்காலம்தான் வரும்." பிறகு, கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, "எந்த செக்சன்ல சார் புடிச்சீங்க?" என்றார்.

அப்போதே அவிழ்த்து விட்டிருக்கலாம். கன்று பசியில் கத்துகிறது, மாட்டின் மடி புடைத்துக்கொண்டு நிற்கிறது, அதைப் பார்க்கச் சட்டப் புத்தகம் வேண்டியதில்லை. ஆனால் எதிர்வீட்டு நாற்காலி காலியாகட்டும் என்று காத்திருந்தேன். அவரோ சாப்பாட்டையும் அங்கேயே வரவழைத்துக்கொண்டார். பிடித்து வைத்த மாட்டுக்குத் தீனி போட வேண்டுமே என்று, அது மிச்சம் வைத்திருந்த கீரையையும் நானே பிடுங்கிப் போட்டேன். சேதத்தைப் பூர்த்தி செய்தவன் நான்தான்.

மூன்று மணிக்கு மானத்தை விட்டுவிட்டு அவிழ்க்கப் போனேன். மாடு இழுத்த இழுப்பில் முடிச்சு கல்லாக இறுகிவிட்டது. வெட்டிவிடலாம் என்று கத்தியோடு கிட்டப் போனால் கொம்பை ஆட்டியது. அதன் காம்பிலிருந்து பால் வராந்தாவில் சொட்டிக்கொண்டிருந்தது. மேலே என்ன செய்வது என்று தெரியாமல் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

ஐந்து மணிக்கு அந்தம்மா வந்தார். ஆஸ்பத்திரிப் பையைக் கூட இறக்கி வைக்காமல் ஓடிவந்திருந்தார்.

"அய்யய்யோ, மடி கல்லாட்டம் கெடக்குதே! யாரு சார் கட்டுனது?"

"நான்தாம்மா."

"நீங்களா? வழி தெரியாம நின்னுச்சா?"

நான் நல்லது செய்ததாக அவர் நினைத்துக்கொண்டது என்னை இன்னும் சங்கடப்படுத்தியது. கீரையைக் காட்டினேன். சட்டத்தைச் சொன்னேன். பிடித்த மாட்டைப் பலவந்தமாக மீட்டால் ஆறு மாதம் என்பதையும், வாய் சும்மா இருக்காமல், சொல்லிவிட்டேன்.

"எனக்கா ஆறு மாசம்? பால் குடிக்கிற புள்ளையப் பட்டினி போட்டதுக்கு எத்தினி மாசம்னு போட்டிருக்கான் அந்த வெள்ளக்காரன்? வரச் சொல்லு அவன, வந்து கறக்கட்டும்!" மரியாதைப் பன்மை போய்விட்டதை நான் கவனித்தேன். நியாயம்தான்.

அந்தச் சமயத்தில் என் மனைவி ஆட்டோவிலிருந்து இறங்கினாள். மாட்டைப் பார்த்தாள், கயிற்றைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"இத எதுக்குங்க கட்டி வச்சிருக்கீங்க?"

"அத்துமீறி உள்ள வந்துது."

"நான்தானே தெனமும் கேட்டைத் தெறந்து வச்சிக் கழுநீர் வெக்கறேன்! இன்னிக்கி அவசரத்துல வெக்க மறந்துட்டேன், அதான் கீரைல வாய வச்சிருக்கு. நீங்க காலைல குடிக்கற காப்பி யாரு பால்னு நெனச்சீங்க?"

பதினோரு வருடமாக இந்த வீட்டில் எட்டு மணிக்கு முன்னால் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியாது. அழைப்பின் பேரில் வந்த விருந்தாளியைத்தான் பிடித்துக் கட்டியிருக்கிறேன்.

அந்தம்மா ஒரு கையால் மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டே மறுகையில் என் கத்தியை வாங்கிக் கயிற்றை அறுத்தார். மாடு அவருக்கு முன்னால் ஓடியது. நானும் பின்னால் போனேன். யாரும் வரச் சொல்லவில்லை. கொட்டகையில் கன்று பாய்ந்து வந்து மடியை முட்டியது. மாடு வலி தாங்காமல் உதைத்துத் தள்ளியது. மறுபடி முட்டியது, மறுபடி உதைத்தது. பின்காம்பு ஒன்றில் பால் இறங்கவே இல்லை. "கட்டிக்கிச்சின்னா அவ்ளோதான், மடிநோய் வந்துடும்," என்று அவர் யாரிடமோ போலச் சொன்னார். என் மனைவி எங்கள் வீட்டிலிருந்து வெந்நீர் கொண்டுவந்தாள். துணியை நனைத்து ஒத்தடம் கொடுத்தார்கள், நீவினார்கள், மறுபடி ஒத்தடம். நான் வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அதற்கு மட்டும்தான் என்னை நம்பினார்கள். வெகுநேரம் கழித்து அந்தக் காம்பிலிருந்து திரிதிரியாக ஏதோ வந்து, பிறகு பால் பீய்ச்சியது. கன்றை விட்டார்கள். இந்தமுறை மாடு உதைக்கவில்லை. கன்று வாலை ஆட்டிக்கொண்டு குடித்த அந்தச் சத்தத்தைக் கேட்டபோதுதான், காலையிலிருந்து நான் சாப்பிடவில்லை என்பது நினைவுக்கு வந்தது.

மறுநாள் ஆறரைக்கே எழுந்து நானே பால் வாங்கப் போனேன். மன்னிப்பு என்று எதையாவது சொல்லலாம் என்று வாக்கியங்களைத் தயார் செய்து வைத்திருந்தேன். அந்தம்மா பாலை ஊற்றிவிட்டு, நான் வாயைத் திறப்பதற்குள் சொன்னார்:

"சார், நாளைக்கும் மாமியாரக் கூட்டிக்கினு ஆஸ்பத்திரிக்குப் போவணும். மாட்ட உங்க வூட்டுலயே கட்டிட்டுப் போறேன். பன்னண்டு மணிக்கு மட்டும் அவுத்து வுட்டுடுங்க. நீங்கதான் நாள் பூரா வூட்ல சும்மா இருக்கறீங்களாமே."