மற்றக் கண்

பாசிக்குடா ஹோட்டலொன்றில் வேலை செய்த என் மகனுக்கு, இருபத்திரண்டு வயதில் வலது கண்ணின் நடுவில் புகை படர்ந்தது. நோவும் இல்லை, சிவப்பும் இல்லை. கோப்பைக்குப் பக்கத்தில் தேத்தண்ணியை ஊற்றி ஏச்சு வாங்கிய பிறகுதான் வீட்டில் வாயைத் திறந்தான்.

மட்டக்களப்பில் பார்த்துவிட்டுக் கொழும்புக்கு அனுப்பினார்கள். கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பு பழுதாம். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸாக இருக்கலாம், அது உடம்பின் காவலே நரம்பின் உறையை அரிக்கும் நோய் என்றார்கள். அதைக் கட்டுப்படுத்த மருந்து உண்டு. அது இல்லையென்றால் பரம்பரைக் கண்நோய். அதற்கு இங்கே மருந்தில்லை, சில மாதங்களில் மற்றக் கண்ணும் போய்விடும். அமிர்தகழிக் கோயிலில் நின்று, என் பிள்ளைக்கு அந்த நரம்பு நோயே இருக்கட்டும் என்று கும்பிட்டேன். எந்தத் தாய் இப்படி வேண்டுவாள்? நான் வேண்டினேன்.

இந்த இரண்டு நோய்களையும் சேர்த்து ஆராய்பவர் ஓர் இளம் பெண் டொக்டர். இரத்தம் எடுத்துவிட்டு, "அம்மா, உங்கட தாய்வழியில ஆருக்காவது இளமையில கண் போனதா?" என்று கேட்டார். எங்கள் பக்கத்தில் குடி என்கிற வம்சம் தாயோடுதான் வரும். கோயிலில் அதை வைத்துத்தான் உரிமை. தாய்வழியைச் சொல்ல எங்களுக்கு யோசிக்கத் தேவையில்லை. கடகடவென்று ஒப்புவித்தேன். பழுகாமத்தில் வயல் செய்த என் மாமாவுக்கு, அம்மாவின் தம்பிக்கு, கல்யாணத்துக்கு முன்பே கண் போனது. வயலுக்கு மருந்தடித்ததால் வந்தது என்றே இவ்வளவு காலமும் நினைத்திருந்தோம். அவருக்கும் ஒரு தாய்மாமன் அப்படித்தான்.

டொக்டரின் முகம் மலர்ந்தது. "இவ்வளவு தெளிவா ஒருத்தரும் சொன்னதில்ல. ஆராய்ச்சிக்கு நல்ல குடும்பம்" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நல்ல குடும்பமாம்!

முடிவு வந்தது. பரம்பரை நோய்தான், என்னிடமிருந்து போனதுதான்.

"என்ட கண்ண எடுத்து அவனுக்கு வையுங்க."

"முழுக் கண்ண மாத்த ஏலாதம்மா. மாத்தினாலும் உங்கட கண்ணிலயும் இதே பழுதுதான். உங்களுக்கு அது வெளிய வரல்ல, அவ்வளவுதான்."

சொல்லிவிட்டுத் தன் கதிரையை இழுத்து என் பக்கத்தில் போட்டு இருந்தார். ஏசக்கூட முடியவில்லை.

மற்றக் கண்ணை மாதாமாதம் அளக்க வேண்டும், பின்னுக்கு வரும் பிள்ளைகளுக்கு உதவும் என்றார். சம்மதித்தோம். வேறென்ன செய்ய? மங்கலான அறையில், நடுப்பார்வையைச் சோதிக்கும் கருவிக்குள் அவன் முகத்தை வைப்பான். உள்ளே ஒளிப்புள்ளி தெரியும்போதெல்லாம் கையிலுள்ள பொத்தானை அமத்த வேண்டும். நான் பின்னால் கதிரையில் இருப்பேன். முதல் மாதம் டக் டக் என்று விடாமல் கேட்டது. அடுத்த முறை இடையிடையே விட்டுவிட்டுக் கேட்டது.

கடைசியாகப் போனபோது, சோதனை செய்யும் மிஸ் திரையைப் பார்த்தபடி இருந்தார். புள்ளிகள் ஒவ்வொன்றாக வந்து போவது அந்தத் திரையில் எனக்கும் தெரிந்தது. டக் சத்தத்தைத்தான் காணோம். மகன் முகத்தை எடுக்காமலே, விரலைப் பொத்தானில் வைத்தபடி, மரியாதையாகக் கேட்டான்.

"மிஸ், இன்னும் தொடங்கல்லையா?"