சிம்மக்கல்லில் இருந்த ஒரு நாடு

ஆரப்பாளையத்தில் பஸ் கிளம்பிய பிறகுதான் செய்தி வந்தது. “அப்பா காலைல தவறிட்டாங்க” என்றான் போனில் நண்பர் கோவர்த்தனனின் மகன். கண்டக்டரிடம் ‘கேதம்’ என்றேன். ஒன்றும் கேட்காமல் விசிலடித்து இறக்கிவிட்டார். மதுரையில் வேறு எந்தக் காரணத்துக்கும் பஸ் இப்படி நிற்காது.

சிம்மக்கல்லில் ஒரு வெங்காய மண்டியின் மாடியில் கோவர்த்தனன் நடத்திய பிரவுசிங் சென்டரில்தான் உங்களில் பலர் முதல் மின்னஞ்சல் முகவரியைத் தொடங்கியிருப்பீர்கள். பாஸ்வேர்டையும் அவரே வைத்துக் கொடுத்திருப்பார். மறந்தால் அவரிடம் கேட்டுக்கொள்ளலாம். அந்த மாடியில் சில காலம் ஒரு வெளிநாடும் இருந்தது என்பது பலருக்குத் தெரியாது.

இணையதளப் பெயர்கள் முதலில் பதிந்தவருக்கே சொந்தம் என்றிருந்த நாட்கள் அவை. நல்ல பெயர்களைப் பதிந்துவைத்துப் பின்னால் விற்கலாம் என்று ஊருக்கு ஊர் ஆட்கள் புறப்பட்டிருந்தார்கள். கோவர்த்தனன் தேடியபோது ஒரு சின்னத் தீவு நாட்டின் பெயர் காலியாக இருந்தது. பதிந்துவிட்டார். “அந்த அரசாங்கம் ஒருநா வந்து கேக்கும்ல, மாப்ள” என்றார். காளவாசலில் புதிய சென்டர்கள் வந்து அவருடைய கூட்டத்தை அள்ளிக்கொண்டிருந்தன. கணினிகள் வங்கிக் கடனில் வாங்கியவை. நாட்டை விற்றால்தான் சென்டர் பிழைக்கும் என்ற நிலைமை.

அரசாங்கம் வரவில்லை, அரசாங்கத்துக்கென்று அந்தப் பெயருக்கு மின்னஞ்சல்கள் வந்தன. சிலர் விசா கேட்டார்கள். துறைமுகத்தில் சாமான் சிக்கிக்கொண்டதாக ஒருவர் முறையிட்டார். தலைநகரில் தெருவிளக்கு எரியவில்லை என்று ஒரு குடிமகன் ஜனாதிபதிக்கு எழுதியிருந்தார். என் ஆங்கிலம் கொஞ்சம் தேவலை என்பதால் பதில் எழுதும் பொறுப்பு எனக்கு. “நாங்கள் அரசு அல்ல” என்று எழுதுவேன். தெருவிளக்குக்காரருக்கு மட்டும், மதுரைக்காரர்கள் என்ற முறையில், அனுதாபமும் தெரிவித்தோம்.

ஒருநாள் உசிலம்பட்டிப் பக்கத்து விவசாயி ஒருவர் வாழைத்தாரோடு படியேறி வந்தார். இணையதளத்தைப் பதிந்தவரின் முகவரியை அப்போதெல்லாம் யாரும் பார்க்கலாம். அவர் மகன் பார்த்திருக்கிறான்.

“தூதரு இருக்காகளா?”

“அப்பிடி யாரும் இங்க இல்லண்ணே” என்றார் கோவர்த்தனன்.

“அந்த நாட்டுப் பேரு ஒங்க கையிலதான இருக்கு? பயலுக்கு ஒரு வேல போட்டுக் குடுங்க. இம்புட்டுத் தூரம் வந்துருக்கேன்.”

“பேரு மட்டுந்தேன் இருக்கு.”

“பெரிய ஆளுக எல்லாம் இப்பிடித்தேன் சொல்லுவாக” என்று தாரை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அடுத்த வாரம் சென்னையிலிருந்து ஒருவர் வந்து அந்தப் பெயரை விலைக்குக் கேட்டார். சொன்ன தொகை கடனை அடைத்து மிஞ்சும். கோவர்த்தனன் வெளியே போய் மனைவியிடம் போனில் சௌராஷ்டிர மொழியில் பேசிவிட்டு வந்தார், முகம் தெளிந்திருந்தது. “வாங்கி என்ன செய்யப் போறீங்க?” என்று சும்மாதான் கேட்டார்.

“வேலைக்கு அப்ளிகேஷன் வாங்குவோம் சார். ஃபீஸ் உண்டு.”

“வேல?”

“அது அவங்கவங்க அதிர்ஷ்டம்.”

“நம்பி வர்றவனுக்கு யாரு பதில் சொல்றது?”

“நாட்டுப் பேரைப் பாத்தா யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க சார். அதுக்குத்தானே பேரு.”

கோவர்த்தனன் தாரிலிருந்து இரண்டு பழங்களைப் பிய்த்துக் கொடுத்து அவரை அனுப்பிவைத்தார்.

பிறகு நாட்டைத் திருப்பித் தர முயன்றோம். அந்தத் தீவின் தூதரகம் எங்களைத்தான் மோசடிக்காரர்கள் என்று நினைத்தது. விசாரித்ததில், ஒரு சோப்பின் பெயரை எவனாவது பதிந்தால் கம்பெனி புகார் கொடுத்து மீட்கலாம், ஆனால் நாடுகளின் பெயருக்கும், பல நாடுகள் கூடி நடத்தும் அமைப்புகளின் பெயருக்கும் அந்த வழி இல்லை என்று தெரிந்தது. அவை வணிகச் சின்னங்கள் அல்லவாம். இதை மாற்றலாமா என்று உலக வல்லுநர்கள் கூடிப் பேசிக்கொண்டிருந்தார்கள். “சோப்புக்கு இருக்கிற மரியாதகூட தேசத்துக்கு இல்லையே” என்றார் கோவர்த்தனன்.

கைவிட்டால் சென்னைக்காரர் எடுத்துக்கொள்வார். அதனால் வருடாவருடம் பணம் கட்டிப் பெயரைக் காத்தார். சென்டரை மூடிவிட்டு மைத்துனரின் சுங்குடிச் சேலைக் கடையில் வேலைக்குப் போன பிறகும் கட்டினார். அந்தத் தளத்தில் இரண்டே வரிகள்: இது அரசின் தளம் அல்ல. வேலைக்கென்று யாரிடமும் பணம் கட்டாதீர்கள். ஆங்கிலத்திலும் தமிழிலும் இருந்தன. தீவில் தமிழ் படிப்பவர்கள் இருந்தார்களா, தெரியாது. உசிலம்பட்டியில் இருந்தார்கள்.

கடைசியில் அந்நாட்டு அமைச்சகம் பெயரைப் பெற்றுக்கொண்டது. நன்றி சொன்ன மின்னஞ்சலில் அவரை ‘மேடம்’ என்று அழைத்திருந்தார்கள். “பரவால்ல. பேரு வீட்டுக்குப் போய்ச் சேந்துருச்சுல்ல” என்றார்.

பத்திரிகையில் எழுதுகிறவன் என்று என்னிடமும் அவ்வப்போது என் பெயரைக் கேட்டு வருகிறார்கள்: மனை விற்பவர்கள் வாழ்த்துரைக்கு, சீட்டு நடத்துபவர்கள் அழைப்பிதழுக்கு. நம்பி வருகிறவனுக்கு யார் பதில் சொல்வது என்று கேட்பேன். பெரும்பாலோர் காபியை முடிக்காமலே கிளம்பிவிடுகிறார்கள். அந்தக் கேள்வி கோவர்த்தனனுடையது. இதுவரை இரவலாக வைத்திருந்தேன், இனி என்னுடையது.