போட்டி உண்டு

மதுரைக்கு மேற்கே உள்ள ஊர்களில் நடக்கும் நிகழ்ச்சிகளை வெளியிடும் ஒரு சின்ன இணையதளத்தை நானும் என் கல்லூரித் தோழியும் நடத்துகிறோம். கண் சிகிச்சை முகாம், முளைப்பாரி, பள்ளி ஆண்டு விழா, யாராவது தம் சொந்தச் செலவில் போட்ட கவிதைப் புத்தகத்தின் வெளியீடு என்று எதுவும் வரும். தளத்தைக் கட்டிப் பராமரிப்பது அவள் வேலை. வருகிற செய்தி உண்மைதானா என்று விசாரித்து எழுதுவது என் வேலை. தலைவர் படம் சின்னதாகிவிட்டது, பொருளாளர் பெயர் விடுபட்டுவிட்டது என்று சிலர் கோபித்துக்கொள்வார்கள். அதற்கு மேல் எங்களுக்குச் சண்டை வந்ததில்லை, அந்தக் கபடிப் போட்டி வரும்வரை.

அதை அனுப்பியவள் மதுரையில் ஒரு மருத்துவமனையில் நர்ஸாக இருக்கிறாள். வாடிப்பட்டிக்கு உள்ளே தள்ளி இருக்கும் என் பிறந்த ஊர்தான் அவளுக்கும் ஊர். அவள் காலனித் தெரு, நான் ஊர்த் தெரு. அவள் அம்மா எங்கள் வயலில் நாற்று நட்டிருக்கிறார். ஒரே ஊரில் பிறந்தும் எங்கள் முதல் பேச்சு போனில்தான் நடந்தது.

பெண் பிள்ளைகளுக்கான போட்டி. மதுரைச் சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து அணிகள் வருவதாக எழுதியிருந்தாள். இடம், ஊர்த் தெருவை ஒட்டிய மந்தைத் திடல்.

"திடல்லயா? ஊர்ல சொல்லியாச்சா?" என்று கேட்டேன்.

"பஞ்சாயத்துல அனுமதி வாங்கியாச்சுக்கா. அது பொது இடந்தான? எங்க பிள்ளைக இம்புட்டு நாளும் கம்மாய்க்குள்ளதான் ஆடுதுக. தண்ணி வந்துட்டா அதுவும் இல்ல."

பஞ்சாயத்துத் தலைவரை நானே கூப்பிட்டுக் கேட்டேன். அனுமதி கொடுத்தது நிஜம்தான் என்றார். அதை அவர் தணிந்த குரலில் சொன்னது எனக்கு உறுத்தியது. ஆனாலும் போட்டோம். இடத்தின் பெயர், நேரம், பிள்ளைகள் கம்மாய்க்குள் ஆடும் படம் எல்லாம் போட்டோம்.

மறுநாள் காலையில் சித்தப்பா கூப்பிட்டார். அப்பா இறந்தபிறகு என் கல்யாணத்தை முன்னே நின்று நடத்தியவர் அவர்.

"ஏத்தா, நம்மூரப் பத்தி என்னமோ போட்டிருக்கியாமே. அத எடுத்துரு."

"கபடிப் போட்டிதான சித்தப்பா."

"கபடி ஆடட்டும், யாரு வேணாம்னா? மந்தையில எதுக்கு? இன்னைக்கு கபடின்னு வருவாக, நாளைக்கு இன்னொண்ணும்பாக. நம்ம வீட்டுப் பொண்ணே அதுக்கு வெளம்பரம் பண்ணுதுன்னு டீக்கடையில வச்சுக் கேக்குறாங்ய. எனக்குத் தலைய வெளிய நீட்ட முடியல."

"அனுமதி வாங்கித்தான் நடத்துறாக. நான் எடுக்க முடியாது சித்தப்பா."

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "சரித்தா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

அதன்பிறகு தெரியாத எண்களிலிருந்து அழைப்பு. ஒரு குரல் மட்டும் திரும்பத் திரும்ப வந்தது. கொஞ்சம் கரகரத்த, ரொம்ப மரியாதையான குரல். "தங்கச்சி, நீங்க தெப்பக்குளம் பக்கந்தான குடியிருக்கீங்க? வேலைக்கு ஸ்கூட்டர்லதான போறீங்க?" அவ்வளவுதான் கேட்கும். அடுத்த நாள் ஸ்கூட்டரை எடுக்கும்போது என் கை தானாகப் பின்னால் வருவதைக் காட்டும் கண்ணாடியைச் சரிசெய்தது.

நர்ஸிடம் சொன்னேன். அவளுக்கும் அழைப்புகள் வந்துகொண்டிருந்தன.

"அக்கா, பயமாத்தான் இருக்கு. ஆனா அத எடுத்துராதீங்க. நீங்க எடுத்துட்டா, நாங்களே பின்வாங்கிட்டோம்னு ஆயிரும்."

எடுக்கச் சொல்லி ஓய்ந்தவர்கள் போட்டிக்கு முந்தின நாள் வேறு வழி கண்டுபிடித்தார்கள். பரவையிலிருந்து வரவேண்டிய அணியின் பயிற்சியாளர் முற்பகலில் கூப்பிட்டு, "என்னம்மா, வேன்லாம் பேசியாச்சு, இப்பப் போயி ரத்துன்னு போட்டிருக்கீங்க?" என்றார்.

நாங்கள் அப்படி எதுவும் போடவில்லை. அவர் அனுப்பிய படத்தைத் திறந்தேன். எங்கள் தளத்தின் லோகோ, நாங்கள் பயன்படுத்தும் அதே எழுத்து, அதே நிறம். நடுவில், "தவிர்க்க முடியாத காரணத்தால் கபடிப் போட்டி ரத்து செய்யப்படுகிறது." அது ஊர் ஊராகப் போன் குழுக்களில் போய்க்கொண்டிருந்தது.

தோழி உடனே தளத்தின் முகப்பிலேயே "போட்டி உண்டு. ரத்து என்று வரும் படம் போலி" என்று போட்டாள். நான் ஒவ்வொரு அணியாகக் கூப்பிட்டேன். சிலர் நம்பினார்கள். வண்டியூரில் ஒரு பிள்ளையின் அப்பா கேட்டார்: "நீங்களே இருக்குங்குறீக, நீங்களே இல்லங்குறீக. எத நம்பி வயசுப் பிள்ளைய அம்புட்டுத் தூரம் அனுப்புறது?" போலியைச் செய்தவர்கள் எங்கள் வார்த்தையைத்தான் எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். இனி வார்த்தையாக எதை எழுதினாலும் சந்தேகம்தான்.

"நீ அங்கயே போயி, திடல்ல நின்னு பேசி ஒரு வீடியோ எடுத்து அனுப்பு. முகம் தெரியட்டும்" என்றாள் தோழி.

பஸ் பிடித்துப் போய் இறங்கியபோது வெயில் கொஞ்சமும் இறங்கவில்லை. நர்ஸ் நிறுத்தத்தில் காத்திருந்தாள். அன்றுதான் அவளை நேரில் பார்த்தேன். போனில் கேட்டதைவிடச் சின்னப் பெண். திடலுக்கு நடந்தோம். அங்கே வேப்பமரத்தடியில் ஆண்கள் சிலர் உட்கார்ந்திருந்தார்கள். சித்தப்பாவும் இருந்தார்.

நர்ஸ் போனைத் தூக்கிப் பிடித்தாள். நான் பேச ஆரம்பித்தேன். "நான் இந்த ஊர்ப் பொண்ணு. மந்தைத் திடல்லதான் நிக்கிறேன். நாளைக்குப் போட்டி இங்கதான் நடக்குது. நானும் இங்கதான் இருப்பேன்."

"போன அமத்து" என்று ஒருவர் எழுந்து வந்தார். நர்ஸ் போனை இறக்கவில்லை. அவர் இன்னும் இரண்டு எட்டு வைத்தார். அப்போது சித்தப்பா, என்னைப் பார்க்காமல், "பொம்பளப் பிள்ளைக கிட்டப் போயி என்ன பேச்சு, வாப்பா இங்கிட்டு" என்றார். எழுந்து வந்தவர் நின்றார். நான் கடைசி வரியை இன்னொரு முறை சொல்லி முடித்தேன்.

அந்த வீடியோ போலிப் படத்தைவிட வேகமாகப் போனது. நான் அன்று ஊரிலேயே, காலனித் தெருவில் நர்ஸின் வீட்டில் தங்கினேன். சித்தப்பா வீடு கூப்பிடு தூரத்தில் இருந்தது.

காலையில் திடலுக்குப் போனால், நட்ட நடுவில் ஒரு டிராக்டர் நின்றது. சாவி இல்லை. டிரைவர் இல்லை. யாரைக் கேட்டாலும் தெரியாது என்றார்கள். பஞ்சாயத்துத் தலைவரின் போன் அணைக்கப்பட்டிருந்தது. அணிகள் வேனிலிருந்து இறங்கத் தொடங்கின. பரவை வந்தது. வண்டியூர் வருமா என்று நான் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். காலனிப் பையன்கள் டிராக்டரைத் தள்ளிவிடலாம் என்று சட்டையை மடித்துக்கொண்டு வந்தார்கள். அதற்காகவே காத்திருப்பதுபோல் வேப்பமரத்தடியில் இருந்தவர்கள் எழுந்தார்கள்.

நர்ஸ் ஓடிப்போய் நடுவில் நின்றாள். "யாரும் தொடாதீக! வண்டியத் தொட்டீகன்னா அம்புட்டுந்தான், போட்டி முடிஞ்சுச்சு" என்று தன் தெருப் பையன்களைப் பார்த்துக் கத்தினாள். பிறகு டிராக்டருக்குக் கிழக்கே போய்த் தரையைக் காலால் அளந்தாள். "கபடிக்கு எம்புட்டு எடம் வேணும்? இங்க போட்ருவோம்."

பிள்ளைகள் சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டார்கள். டிராக்டர் பெரிய சக்கரங்களோடு ஓரத்தில் பார்வையாளர் மாதிரி நின்றது. கொஞ்ச நேரத்தில் சின்னப் பிள்ளைகள் அதன் மேல் ஏறி உட்கார்ந்து பார்க்கத் தொடங்கின. அதில் ஊர்த் தெருப் பிள்ளைகளும் இருந்தன. இறங்குங்கடா என்று அதட்ட யாரும் முன்வரவில்லை. அதட்டினால் வண்டி யாருடையது என்று தெரிந்துபோகும்.

முதல் ஆட்டம் பாதியில் இருக்கும்போது வண்டியூர் வேன் வந்தது. அந்த அப்பாவும் கூடவே வந்திருந்தார். "வீடியோவப் பாத்தேன். இருந்தாலும் நேர்ல பாத்துட்டு விடுவோம்னு வந்தேன்" என்றார்.

எங்கள் ஊர்ப் பிள்ளைகள் அரையிறுதியில் தோற்றார்கள். கோப்பை பரவைக்குப் போனது. சாயங்காலம்வரை ஒரு கைகலப்பும் நடக்கவில்லை. நான் பஸ் ஏறி உட்கார்ந்தபிறகுதான் அன்று முழுக்க எதுவும் சாப்பிடவில்லை என்பது நினைவு வந்தது. காரணம் புரியாமல் அழுகையும் வந்தது.

சில வாரங்கள் கழித்து ஒரு அழைப்பு. எங்கள் ஊர்க் கோயில் பொங்கலைத் தளத்தில் போடவேண்டும் என்றார் ஒருவர். அதே கரகரத்த, மரியாதையான குரல். அவர் பழையதைப் பேசவில்லை. நானும் பேசவில்லை. தேதி, நேரம், இடம் கேட்டுக் குறித்துக்கொண்டு, "பொது அழைப்பா, எல்லாரும் வரலாமா?" என்றேன்.

அவர் போனைப் பொத்திக்கொண்டு பக்கத்தில் யாரிடமோ கேட்டார்.

"பொதுன்னே போடுங்க" என்றார்.

போட்டேன். முதல் ஆளாக நர்ஸ்தான் அதைத் தன் நண்பர்களுக்கு அனுப்பினாள். சித்தப்பா பேரனின் காதுகுத்துப் பத்திரிகை மட்டும் எனக்கு வரவில்லை. சித்திதான் ரகசியமாகக் கூப்பிட்டு, "மனசுல வச்சுக்காதத்தா, வந்துரு" என்றாள். போவதா வேண்டாமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.