தேரோடு பூட்டிய மோட்டார் சைக்கிள்

அன்று இருந்தவர்கள்: நான், என் வீட்டுக்காரர், அவர் தங்கை செல்லம், திருக்கோகர்ணத்தில் தேர் இழுக்க வந்த சனம் முழுவதும்.

இன்று எதிர்வீட்டு வாத்தியாரின் பைக்கைத் திருடிவிட்டார்கள் என்றதும் அறுபதுகளில் நடந்த அது நினைவுக்கு வந்தது.

எங்கள் மோட்டார் சைக்கிள் சாவியே இல்லாமல் உதைத்தால் கிளம்பிவிடும். அதனால் மாட்டுச் சங்கிலியும் திண்டுக்கல் பூட்டும் எப்போதும் கூடவே வரும். கூட்டத்தில் அசைக்க முடியாத பொருளாகத் தேடிய என் வீட்டுக்காரர், வண்டியைத் தேர்ச் சக்கரத்தோடு பூட்டிவிட்டுச் சாவியை என்னிடம் தந்தார்.

"தேர் கெளம்ப இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு."

சன்னதியில் கண்மூடி நின்றேன். செல்லம் ஓடி வந்தாள்.

"மதினி, சாவியக் குடுங்க! சாமி தேர்ல ஏறிருச்சு. அண்ணனச் சுத்தி நின்னு ஏசுறாக!"

வெளியே, வடத்தைப் பிடித்தபடி ஊரே காத்திருந்தது.

"வாங்க ஆத்தா, நீங்க தொறந்து விட்டாத்தான் சாமி வீதிக்கு வரும்" என்றார் வடம் பிடித்திருந்த ஒருவர். ஒரே சிரிப்பு.

எப்படித் திருப்பியும் எனக்குப் பூட்டு திறக்கவில்லை. என் வீட்டுக்காரர் என் கையோடு சேர்த்துப் பிடித்துச் சாவியைத் திருப்பினார். கல்யாணத்துக்குப் பிறகு ஊர் பார்க்க அவர் என் கையைப் பிடித்தது அந்த ஒரு முறைதான்.

அப்போது யாரோ ஒரு போட்டோக்காரர் படம் எடுத்தார். அது எங்கள் கைக்கு வரவே இல்லை; நாங்கள் சேர்ந்திருக்கும் படம் வேறு இல்லை. என் வீட்டுக்காரர் போய் ஆறு வருடமாகிறது.

உங்கள் வீட்டுப் பழைய படங்களில் பாருங்கள். தேர்ச் சக்கரத்தருகே திருட்டு முழி முழிக்கும் இருவர் நாங்கள்தான். இருந்தால் சீக்கிரம் பதில் போடுங்கள்.